அரசர் விரும்பினால்

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். வருடம் முழுக்கச் சாத்திக் கிடந்த கதவைத் திறந்து, சடங்கு நடத்தி, குளுர்த்தி பாடி, அம்மனின் கோபத்தை ஆற்றி, மறுபடி சாத்துவார்கள். யார் திறப்பது, எப்போது திறப்பது, திறந்தபின் முதலில் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. முறை தெரியாதவன் அந்தக் கதவில் கை வைக்கமாட்டான்.

அப்படியான ஒரு வைகாசியில், முறை தெரியாத நான், கொழும்பில் இருந்த ஒரு சேர்வரின் கதவில் கை வைத்தேன்.

கையில் ஒரு வழிகாட்டி இருந்தது. யுனிக்ஸ் கணினியை வலையமைப்பில் எப்படிப் பாதுகாப்பது என்று 14 பக்கம். கொப்பியின் கொப்பியின் கொப்பி. ஈ மொய்த்தது போல் கறுப்புப் புள்ளிகள். எது முற்றுப்புள்ளி, எது போட்டோக்கொப்பி மெஷினின் அழுக்கு என்று கண்டுபிடிப்பதே ஒரு பாதுகாப்புப் பயிற்சி. அதில் ஐபிடேபிள்ஸ் என்ற வலை வடிகட்டி பற்றிய பக்கத்தில் முதல் வரி: உள்ளே வருகிற எல்லாவற்றையும் தடு. இரண்டாவது வரி: 22ஆம் போர்ட்டைத் திற. எழுதியவர் ஒழுங்கான மனிதராக இருக்கவேண்டும். முதலில் வாசலைச் சாத்திவிட்டு, பிறகு ஆறுதலாக யன்னலைத் திறக்கும் குணம். அவர் அந்த இயந்திரத்துக்கு முன்னாலேயே கதிரை போட்டு இருந்து எழுதியிருப்பார். நானோ 300 கிலோமீற்றருக்கு அப்பால், தொலைபேசி வயரின் மறுமுனையில், அந்த 22ஆம் யன்னல் வழியாகத்தான் தலையை உள்ளே விட்டிருந்தேன்.

முதல் வரியை அடித்தேன். என்ட்டரைத் தட்டினேன். சுட்டி நின்றது.

யுனிக்ஸின் குணமே அதுதான். விண்டோஸ் என்றால் "நிச்சயமாகவா?" என்று நாலு தரம் கேட்கும், நாலாவது தரம் நமக்கே சந்தேகம் வந்துவிடும். யுனிக்ஸ் பழைய காலத்து வேலைக்காரன். "முதலாளி சொன்னார், செய்தேன்" என்று வாயைத் திறக்காமல் செய்துவிட்டுப் போய்விடும். இரண்டாவது வரியை அடிக்க வழியில்லை. அடிக்கவேண்டிய வாசலைத்தான் முதல் வரியில் சாத்திவிட்டேனே.

பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கதவைச் சாத்திப்போட்டுத் திறப்ப உள்ளுக்க வச்சிட்டியா?"

"ஓம் அண்ணன்."

"மறுகா என்ன, பஸ் ஏறு."

மறுநாள் வெசாக் பௌர்ணமி. கொழும்பு அலுவலகம் பூட்டு. போனை எடுக்க ஆளில்லை. இரவு பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி வரிசையில் நடந்து, எதற்காகக் கொழும்பு போகிறாய் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தரமும் பதில் சொன்னேன். "ஃபயர்வோல் திருத்தப் போறன்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. சாவடியில் 'ஃபயர்' என்று தொடங்கும் எந்த வசனமும் நல்லபடியாக முடியாது என்று தெரிந்ததால், மச்சாள் வீடு என்றேன்.

விடிந்து போய்ச் சேர்ந்தால், அங்கே இரவு மின்வெட்டு. யுபிஎஸ் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. மின்சாரம் வந்ததும் சேர்வர் தானாக எழும்பியிருக்கிறது. நான் போட்ட தடையைச் சேமிக்கவில்லை அல்லவா, அது மறைந்தே போயிற்று. எல்லாக் கதவும் ஆவென்று திறந்து, சேர்வர் சிரித்துக்கொண்டிருந்தது. பாதுகாத்தது நான், திருத்தியது மின்வெட்டு. காவலாளி தேத்தண்ணீர் தந்தார்.

அந்த பஸ்ஸில் நித்திரை வராமல் இருந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த மட்டக்களப்புக் கோட்டைக் கதை புது வெளிச்சத்தில் தெரிந்தது. எங்கள் ஊர் வாவிக்கரையில் 400 வருடத்துக்கு முன்னமே இந்த வேலையை இதைவிடப் பெரிய ஆட்கள் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறார்கள். கதையைச் சொல்கிறேன். இடையிடையே கட்டளைகள் வரும். அவற்றைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அப்படியே வெட்டி ஒட்டி அடிக்க முடியாது. பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றில் இதைவிடப் பெரிய பாதுகாப்பை நான் கண்டதில்லை.

1602 மே கடைசியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தர் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். ஊர்த் தலைவருக்குச் சந்தேகம்: இவன் உண்மையில் ஒல்லாந்தனா, வேசம் போட்ட போர்த்துக்கேயனா? எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே தாடி. அடையாளத்தை உறுதிப்படுத்தும் முறை எதுவும் அன்று நடைமுறையில் இல்லை. பிறகு ஒருவழியாகக் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே விமலதர்மசூரிய மன்னர் போர்த்துக்கேயரிடம் பட்ட பாட்டில், வந்தவரைக் கண்டதும் உருகிப்போனார். நீங்கள் என் நாட்டில் கோட்டை கட்டுவதென்றால் நானும் அரசியும் பிள்ளைகளும் கல்லைத் தோளில் சுமந்து தருவோம் என்று சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்த முதல் ஆளிடம் இப்படிச் சொல்லலாமா? சேர்வர் உலகில் இதற்குப் 'பெர்மிட் ரூட் லொகின், யெஸ்' என்று பெயர். வீட்டின் மூலத் திறப்பை வெளியே நிற்கிறவன் கையில் கொடுப்பது.

இதைத் திருத்துவதற்கு அந்த 14 பக்க வழிகாட்டி ஒரு வழி சொன்னது. தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பின் கடைசியில் 'பெர்மிட் ரூட் லொகின், நோ' என்று ஒரு வரியைச் சேர், முடிந்தது காரியம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் செய்தேன், நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். நிம்மதியாக நித்திரை கொண்டேன். ஆனால் அந்தக் கோப்பை வாசிக்கும் நிரலுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில் இருந்தால், முதலில் கண்டதுதான் செல்லும். மேலே 40ஆம் வரியில் 'யெஸ்' இருந்தால், கீழே கடைசி வரியில் நீங்கள் 'நோ' என்று எத்தனை தரம் கத்தினாலும் அது காதில் விழாது. பிழை என்றும் சொல்லாது. இப்போதைய லினக்ஸ்களில் இன்னும் விசேஷம்: பல விநியோகங்களில் கோப்பின் தலைப்பகுதியிலேயே பக்கத்து அடைவில் கிடக்கும் கோப்புகளை உள்ளே இழுக்கும் வரி ஒன்று இருக்கும். அங்கே யாரோ வைத்த 'யெஸ்' உங்களுக்கு முன்னால் போய்க் கதிரையில் குந்திவிடும்.

கண்டி மன்னருக்கு நடந்ததும் அதுதான். பிறகு வந்த அரசர்கள் ஒல்லாந்தரிடம் எத்தனையோ தரம் 'இல்லை' சொன்னார்கள். ஒல்லாந்தர் 1602இல் கேட்ட 'ஓம்' கோப்பின் உச்சியில் இருந்தது.

அதே வருடக் கடைசியில் சிபால்ட் டி வேர்ட் வந்தார். இவர் சாதாரண ஆள் இல்லை. தென் அத்லாந்திக்கில் போல்க்லண்ட் தீவுகளுக்கு அருகே கண்ட தீவுகளுக்குத் தன் பெயரையே விட்டுவிட்டு வந்தவர். இந்த வாவிக்கரையில் தலையை விடப்போகிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஏற்பாடு என்னவென்றால், காலியை ஒல்லாந்தர் கடலில் மறிக்க, அரசர் தரையில் அடிப்பது. அடுத்த வருடம் கப்பல்களோடு திரும்பி வரும் வழியில் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களை டி வேர்ட் விட்டுவிட்டார். யாருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்களோ அவர்களையே. அரசருக்கு எப்படி இருந்திருக்கும்? போதாததற்கு டி வேர்ட்டின் ஆட்கள் இங்கே மாடுகளை வெட்டித் தின்று ஊரையும் பகைத்திருந்தார்கள்.

1603 ஜூன் 1. இடம் மட்டக்களப்பு. டி வேர்ட் வைனில் மிதந்துகொண்டு, அரசரைத் தன் கப்பலுக்கு வரும்படி நச்சரித்தார். அரசர் அரசியிடம் திரும்பவேண்டும் என்று சொல்ல, இவர் அரசியைப் பற்றி வாயில் வரக்கூடாத ஒன்றைச் சொன்னார். அரசர் போர்த்துக்கேய மொழியில் ஒரு கட்டளை இட்டார். ஒரு கதைப்படி அது "இந்த நாயைக் கட்டுங்கள்". நடந்தது வேறு. டி வேர்ட் திமிற, அவரது மண்டை பிளந்தது. அத்தோடு நிற்கவில்லை; கரையில் நின்ற ஒல்லாந்தரையும் சேர்த்துச் சுமார் 50 பேர் போனார்கள்.

கட்டு என்றது வெட்டு என்று ஓடியிருக்கிறது. தமிழில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்.

இதைக் கேட்டால் வரலாற்று மாணவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பழைய சோலாரிஸ் கணினியில் வேலை செய்தவர்களுக்கு வயிறு கலங்கும். ஏனென்றால் 'கில்ஓல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. லினக்ஸில் அதற்குப் பக்கத்தில் ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருள்ளதை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் அதே கட்டளை உண்மையாகவே பெயருக்கு ஏற்றபடி நடக்கும்: ஓடுகிற எல்லாவற்றையும் கொன்றுவிடும். கணினியை நிறுத்தும் நேரத்தில் பாவிப்பதற்காக வைத்தது. லினக்ஸ்காரர் எழுதிய வழிகாட்டியில் "வெப் சேர்வரை நிறுத்த கில்ஓல் அடிக்கவும்" என்று இருக்கும். அதை நம்பிச் சோலாரிஸில் அடித்தவன் ஒரு நாயைக் கட்டச் சொல்லி 50 பேரைப் புதைத்தவன் ஆவான்.

ஊர் மாறினால் முறை மாறும் என்பதை மட்டக்களப்பானுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தபோது, தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்தத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து முக்குவர் வீட்டில் நடைமுறைப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காலத்தில் இங்கே முதுசொம் தாய்வழி. மாமனின் சொத்து மருமக்களுக்கு. அப்பன் செத்த வீட்டில் மகன் கையில் தேசவழமையை வைத்துக்கொண்டு நிற்க, மச்சான் வந்து திறப்பை வாங்கிக்கொண்டு போயிருப்பான். இரண்டும் தமிழ்தான். இரண்டும் யுனிக்ஸ்தான்.

வடிகட்டி விதிகளிலும் இதே கூத்து. ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழே வாசிக்கும், பொருந்துகிற முதல் விதியோடு முடித்துவிடும். 2001 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0 உடன் வந்த பிஎஃப் எல்லாவற்றையும் கடைசி வரை வாசித்து, பொருந்துகிற கடைசி விதியை எடுக்கும். இடையில் 'குவிக்' என்று ஒரு சொல் இருந்தால்தான் அங்கேயே நிற்கும். ஒன்றுக்கு எழுதிய வரிசையை மற்றதற்கு மாற்றி எழுதினால், 'யாரையும் விடாதே, என்னை மட்டும் விடு' என்பது 'எல்லோரையும் விடு' என்றோ 'என்னையும் விடாதே' என்றோ ஆகிவிடும். வழிகாட்டி எழுதுகிறவர்கள் மற்றக் கடையில் எப்படி வாசிப்பார்கள் என்று சொல்வதே இல்லை.

இனி 1638. இதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்குப் பத்து வருடம் முன், 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, மூலைக்கு ஒரு கொத்தளம். அமைப்பில் பிழை சொல்ல முடியாது. வாவிக்குள் முதலை வேறு. அது இலவச இணைப்பு. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையைத் துடைத்தெடுத்தார். மே மாதம் ஆடம் வெஸ்டர்வோல்ட் ஒல்லாந்துக் கப்பல்களோடு வந்து சேர, அரசரும் படையோடு இறங்க, மே 18இல் கோட்டை விழுந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23, இதே மட்டக்களப்பில் ஒப்பந்தம். ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் வெஸ்டர்வோல்டும் துணைத் தளபதி வில்லம் கோஸ்டரும்.

ஒப்பந்தம் போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கு. எழுதிய மொழி போர்த்துக்கேயம். இரண்டு பக்கமும் விளங்கிக்கொள்ள வேறு பொதுப் பாஷை இல்லை. எதிரியைத் தடுக்கும் ஆவணத்தை எதிரியின் பாஷையில்தான் எழுத முடிந்தது. (நாங்களும் தமிழ்ச் சேர்வர்களுக்கு இங்கிலீஷில்தானே காவல் எழுதுகிறோம், அந்தப் பகிடியை நான் நீட்டவில்லை.)

மூன்றாவது பிரிவில் வந்தது வினை. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றியது அது. அரசர் கையில் இருந்த பிரதியில், அரசர் விரும்பினால், என்று ஒரு துண்டு இருந்தது. ஒல்லாந்தர் தங்கள் தலைமையகமான பத்தாவியாவுக்கு அனுப்பிய ஒல்லாந்து மொழிப் பிரதியில் அந்தத் துண்டு இல்லை.

அவ்வளவுதான். இரண்டு சொல்.

மொழிபெயர்த்தவர் கொட்டாவி விட்ட நேரத்தில் விழுந்ததா, விழுத்தினார்களா என்று வரலாற்றுப் பேராசிரியர்கள் சண்டை பிடிக்கட்டும். கறுவா வாசம் பிடித்த ஒரு கம்பனியின் பேனாவிலிருந்து தனக்கு இடைஞ்சலான இரண்டு சொல் மட்டும் கவனக்குறைவாக நழுவியது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. போர்ச் செலவு முழுவதையும் அரசர் கறுவாவும் மிளகும் மெழுகுமாகக் கட்டவேண்டும் என்ற பகுதியில் ஒரு சொல்கூட நழுவவில்லையே.

லினக்ஸில் 'யூசர்மோட்' என்று ஒரு கட்டளை. ஒரு பயனரைப் புதிய குழுவில் சேர்ப்பதற்கு 'மைனஸ் பெரிய ஜீ' என்று கொடுத்துக் குழுவின் பெயரை எழுதவேண்டும் என்று நூறு வழிகாட்டிகள் சொல்லும். அதற்கு முன்னால் 'சின்ன ஏ' ஒன்று வேண்டும். 'இருப்பதோடு சேர்' என்று அதற்கு அர்த்தம். அந்த ஏ இல்லாவிட்டால், 'இனிமேல் இவன் இந்தக் குழுவில் மட்டும்' என்று எடுத்துக்கொண்டு, பழைய துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆளைத் தூக்கிவிடும். நிர்வாகிக் குழுவிலிருந்தும் தூக்கும். நீங்கள் உங்களுக்கே அதைச் செய்திருந்தால், திருத்துவதற்கு நிர்வாகி அதிகாரம் தேவை. அந்த அதிகாரம் ஒரு நிமிடத்துக்கு முன்வரை உங்களிடம் இருந்தது. இதிலும் ஒரு நயவஞ்சகம்: அப்போதே தெரியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவரைக்கும் எல்லாம் பழையபடி நடக்கும். வெளியே போய் மறுபடி வரும்போதுதான் வாசலில் உங்களை யாரென்று கேட்பார்கள்.

இராஜசிங்கனும் உள்ளே இருந்தவரைக்கும் எல்லாம் பழையபடிதான் நடந்தது. 1640 மார்ச்சில் கோஸ்டர் காலியைப் பிடித்தார். ஒல்லாந்தர் உள்ளே போய் இருந்துகொண்டார்கள். அரசர் தன் பிரதியைக் காட்டினார். அவர்கள் தங்கள் பிரதியைக் காட்டினார்கள். கண்டிக்குப் பேச வந்த கோஸ்டர் அரண்மனையில் கோபப்பட்டு வெளியேறி, மட்டக்களப்புக்கு வரும் வழியில் 1640 ஓகஸ்டில் கூட வந்தவர்கள் கையாலேயே கொல்லப்பட்டார். கையெழுத்துப் போட்ட ஊருக்குத் திரும்பி வரும் வழி. பிழை திருத்தப்படவில்லை, பிழையாளர் திருத்தப்பட்டார்.

இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்களத்தில் இதற்குப் பழமொழியே இருக்கிறது. போர்த்துக்கேயரைக் கொடுத்து ஒல்லாந்தரை வாங்கியது. காரம் குறையவில்லை.

இரண்டு சொல் விழுந்ததற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு டெபியன் கதையைச் சொல்வேன். 2006இல் டெபியன் லினக்ஸைப் பராமரித்தவர்கள் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒரு திருத்தம் செய்தார்கள். நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று இரண்டு வரிகளைப் பார்த்து முணுமுணுத்தது. முணுமுணுப்பு நிற்கட்டும் என்று அந்த வரிகளைச் செயலிழக்க வைத்தார்கள். அவற்றில் ஒன்றுதான் இரகசியத் திறப்புகளுக்குத் தேவையான எழுந்தமான எண்களைக் கலக்கும் வரி. அன்றிலிருந்து அந்தக் கணினிகளில் செய்த ஒவ்வொரு வகைத் திறப்புக்கும் சாத்தியமான வடிவங்கள் 32,768தான். அதாவது அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் ஒரே திறப்புக்கோர்வை. அதை ஒரு மடிக்கணினி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13இல் ஊருக்குச் சொன்னார்கள். இரண்டு வருடம். இதில் பிழைவிட்டவர் யாரும் சோம்பேறி இல்லை, எல்லோரும் திருத்திக்கொண்டிருந்தவர்கள். எனக்குத் திருத்துகிறவர்கள் மேல் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

ஸ்பில்பேர்கன் வந்தது மே, ஒப்பந்தம் மே, டெபியன் மே, என் பஸ் மே. வைகாசியில் அம்மனைக் குளிரவைக்காமல் விட்டால் இதுதான் நடக்கும் என்று என் பெரியம்மா சொல்லியிருப்பா.

இந்த வழிகாட்டிகள் எல்லாம் ஏன் எழுதப்பட்டன என்றால், அந்தக் காலத்தில் எங்கள் கடவுச்சொல் வயரில் அம்மணமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். விபுலானந்த அடிகள் அதை யாழ் நூல் வரைக்கும் கொண்டுபோனார். டெல்நெட் காலத்து வலையமைப்பும் அந்த வாவிதான். யாரும் துடுப்பை விட்டுக் காதில் வைக்கலாம். மீனுக்குப் பதிலாக மேலதிகாரியின் பாஸ்வேட் பாடும். பின்லாந்தில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒருவர் துடுப்பு வைத்துக் கேட்டதால் கடுப்பாகித்தான் டாட்டு யிலோனன் 1995இல் எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபி 21இல் இருந்தது, டெல்நெட் 23இல் இருந்தது, நடுவில் 22 சும்மா கிடந்தது. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். காணி விசயத்தில் இவ்வளவு லேசாக ஒரு காரியம் நடந்ததை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

வழிகாட்டிகள் பயந்ததில் பாதி நியாயம். மற்றப் பாதி, பயந்தவன் எழுதியதை அதைவிடப் பயந்தவன் கொப்பி எடுத்தது. அதில் மிகப் பிரபலமானது: ஐசிஎம்பி முழுவதையும் தடு. பிங் மூலம் ஆபத்து வருமாம், ஆகவே வாயை இறுக்கிக் கட்டு. நான் கட்டினேன். அடுத்த நாள் முதல் விசித்திரமான முறைப்பாடுகள். சின்ன மின்னஞ்சல் போகிறது, படம் வைத்த மின்னஞ்சல் தொங்குகிறது. சில பக்கங்கள் தலைப்பு மட்டும் வந்து நிற்கின்றன. வைரஸ் என்றார்கள், மோடத்தை மாற்றினார்கள், ஒருவர் எலுமிச்சங்காய்கூட வெட்டினார்.

விளக்கம் முகத்துவாரத்தில் இருக்கிறது. கோடையில் வாவியின் வாயை மணல் மூடிவிடும். மூடியிருக்கட்டும், கடல் உள்ளே வராது என்று நினைப்பது கடலோர எழுவான்கரைப் புத்தி. மாரி கொட்டத் தொடங்கி, வெள்ளம் இறங்க வழியில்லாமல் வாவிக்கு மேற்கே படுவான்கரை வெள்ளாமைக்குள் ஏறும்போதுதான் மண்வெட்டியோடு ஓடி ஆற்றுவாய் வெட்டுவார்கள். ஐசிஎம்பி அந்த வாய். பல ஏடிஎஸ்எல் இணைப்புகளில் ஒரு பொதி 1500 பைட் போக முடியாது. மேலே 8 பைட் பொதிகட்டுக் கூலி போய் 1492தான். நடுவழியில் ஓர் இயந்திரம் 'பொதி பெரிது, சின்னதாக்கி அனுப்பு' என்று திருப்பிச் சொல்வது ஐசிஎம்பியில்தான். அதைத் தடுத்தவனுக்கு அந்தச் செய்தி வராது. அவன் பெரிய பொதியையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பான், மறுமுனை காத்துக்கொண்டிருக்கும். வெள்ளாமை அழுகும். திருத்தம் ஒரு வரி: அந்த ஒரு வகைச் செய்தியை மட்டும் விடு. ஆற்றுவாயை எவ்வளவு அகலம் வெட்டுவது என்று தெரிந்தவன் எழுதவேண்டிய வழிகாட்டி அது, கடலையே காணாதவன் எழுதிவிட்டான்.

செத்துப்போன அறிவுரைகளும் உண்டு. 'ஹோஸ்ட்ஸ் டினை' கோப்பில் எல்லோரையும் தடு என்று எழுதிவிட்டால் எஸ்எஸ்எச் பாதுகாப்பு என்று இன்றைக்கும் சொல்லித்தருகிறார்கள். அந்தக் கோப்பைப் பார்க்கும் வழக்கத்தை ஓபன்எஸ்எஸ்எச் 2014 ஒக்டோபரில் 6.7ஆம் பதிப்போடு விட்டுவிட்டது. சில விநியோகங்கள் தாங்களாக ஒட்டுப்போட்டு வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் அது கோட்டை வாசலில் கிடக்கும் ஒல்லாந்து பீரங்கி. சுடாது. பிள்ளைகள் ஏறி இருந்து போட்டோ எடுக்கலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது லாப்ரேயா. 2001இல் கோட் ரெட் புழு உலகத்தைச் சுற்றியபோது டொம் லிஸ்டன் எழுதியது. காலியான முகவரிகளில் ஆள் இருப்பதுபோல் பதில் சொல்லி, தட்டுகிறவனை 'வாங்க, இருங்க' என்று கூப்பிட்டு, இணைப்பை விடாமல் அப்படியே ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். புழு நகர முடியாமல் கிடக்கும். அமெரிக்காவில் இது பெரிய புதுமை என்றார்கள். மட்டக்களப்பான் விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைப்பான் என்று வடக்கத்தியார் தலைமுறை தலைமுறையாக எங்களைத் திட்டிவந்தது இதைத்தான். காப்புரிமை கேட்கத் தவறிவிட்டோம்.

இராஜசிங்கனை விட்டுவிட்டேன். 1656 மே 12இல் கொழும்பு விழுந்தது. அரசரின் ஆட்களும் சேர்ந்துதான் பல மாதம் முற்றுகையிட்டார்கள். போர்த்துக்கேயர் சரணடைந்தது ஒல்லாந்தரிடம். ஒல்லாந்தர் உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார்கள். அரசர் வெளியே. தன் செலவில், தன் கறுவாவில், தன் நாட்டில், தான் கூப்பிட்ட காவலுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அனுமதி இல்லை. அவரிடம் அடிப்பதற்கு இரண்டாவது வரி இருந்தது. அடிக்க வாசல்தான் இல்லை. கோபத்தில் சுற்றுவட்டாரத்தை எரித்துவிட்டு மலைக்கு ஏறினார். அவருக்கு மின்வெட்டு வந்தது 1795-96இல், பிரித்தானியர் உருவில். அதற்குள் அவர் செத்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

கொழும்பிலிருந்து திரும்பிய அன்று அந்த 14 பக்கத்தையும் எடுத்துவைத்துத் திருத்தினேன். சிவப்புப் பேனையால் இடது ஓரத்தில், ஒவ்வொரு பிழைக்கும் நேரே. பெரிய ஜீக்கு முன்னால் சின்ன ஏ. கட்டளைகளில் எங்கே இரட்டைக் கோடு ஒற்றை நீளக் கோடாக மாறியிருந்ததோ அங்கே இரண்டு கோடு. ஐபிடேபிள்ஸ் பக்கத்தில் பெரிய எழுத்தில், முதல் வரிக்கும் மேலே, "முதலில் 22ஐத் திற" என்று. நாலு பேர் வாங்கிக்கொண்டு போய்க் கொப்பி எடுத்தார்கள். பெருமையாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் படிக்க வந்த பிள்ளை ஒன்று அதே வழிகாட்டியைக் கொண்டுவந்தது. கொப்பியின் கொப்பியின் கொப்பி. சிவப்பு கறுப்பாகியிருந்தது. மெஷினில் வைத்தபோது இடது ஓரம் ஒள்ளுப்பம் வெட்டுப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து, விரலை வைத்துக் காட்டியது.

"சேர், இதில 'ஐத் திற' என்டு மட்டும் கிடக்கு. எல்லாத்தையுமா திறக்கிற?"